ஜீவனாம்சத்தை நிறுத்த வந்தவர்

உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். ஓசூரில் வக்கீலாக இருக்கும் என் அலுவலகத்தில் அப்படிச் செய்த கட்சிக்காரர் அவர் ஒருவர்தான். மடிப்புக் கலையாத கம்பெனி யூனிஃபார்ம், பளபளக்கும் ஷூ. ஏதோ ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

அன்று மேசைமேல் அவர் வைத்தது, விவாகரத்தான மனைவியின் இறப்புச் சான்றிதழ். லேமினேஷன்கூடப் போட்டிருந்தார்.

"காரியத்துக்குப் போயி அவங்க அம்மாகிட்டயே கேட்டு வாங்கியாந்தேன் மேடம். இனிமே ஜீவனாம்சம் கட்ட வேண்டியதில்லைங்களே?"

"அவங்க இறந்த நாளோட அது முடிஞ்சது. ஆனா நீங்க கட்டாம விட்ட ஏழு மாசப் பாக்கி அப்படியே இருக்குது. அதை அவங்க வாரிசு கேட்கலாம்."

"என்னங்க மேடம், டைவர்ஸ் ஆனப்பவே அவ யாரோ நான் யாரோன்னு ஆயிடுச்சு. செத்தப்புறமும் நானே அழுவணுமா?"

கோபமாக எழுந்தவர், ஏதோ நினைவு வந்து மறுபடி உட்கார்ந்தார். மறுபடியும் துடைத்துவிட்டுத்தான். சான்றிதழில் ஒரு வரியில் விரலை வைத்தார். பழைய ஆதார் அட்டையைப் பார்த்து யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கணவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரே இருந்தது.

"அவளும் கம்பெனியில வேலை செஞ்சவ மேடம். இதுல புருஷன்னு என் பேர்தானே இருக்குது? அவ பி.எஃப். பணம் எனக்கு வருமுங்களா?"

வராது என்று சொல்லி அனுப்பினேன். எத்தனையோ அயோக்கியர்களுக்கு வழக்காடியிருக்கிறேன். கேட்கும்போது அவர்கள் கண்ணாவது கொஞ்சம் தாழும். இவர் என்னை நேராகப் பார்த்துத்தான் கேட்டார்.

அவர் போனதும் அந்த நாற்காலியை நான் துடைத்தேன்.