அறுபத்தொரு கிலோவில் என் தம்பி

மேனேஜர் பொய் சொல்கிறார். பச்சைப் பொய்.

போன வாரம் மகள் செல்போனில் அவருடைய பேட்டி ஒன்றைக் காட்டினாள். மனுஷர் சோபாவில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு பழைய குத்துச்சண்டைக் கதைகளைச் சொல்கிறார். "கூக்கால்ல தங்கவேல்னு ஒரு பையன். நல்ல கை. ஆனா வாய் அடங்காது. எடை போடுற அன்னைக்குப் பஞ்சாமிர்தத்தத் தின்னுட்டு வந்து நிக்கிறான்! அதோட முடிஞ்சது." பேட்டி எடுத்தவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

தங்கவேல் என் தம்பி. கொடைக்கானல் மலையில் இருக்கிற கூக்கால் எங்கள் ஊர். பழனி அடிவாரத்தில் என் வீட்டுக்காரர் கடை வைத்திருந்தபோது எங்களோடு தங்கித்தான் அவன் சண்டைக்குப் போனான். சோறு பொங்கிப் போட்டவள் நான். குத்துச்சண்டை எனக்குத் தெரியாது. அவன் எந்த எடையில் என்ன தின்றான் என்று தெரியும்.

பூண்டு உரித்தால் இன்றைக்கும் ஒட்டன்சத்திரம் மண்டி ஞாபகம்தான் வரும். அப்பா லாரியில் பூண்டு மூட்டை கொண்டுபோவார். நாங்களும் தொற்றிக்கொள்வோம். மூட்டையை இறக்கியதும் தம்பி தராசில் ஏறி விறைப்பாக நிற்பான். கமிஷன்காரர் கத்துவார்: "ஏலே, எறங்குலே! ஒன்னய எந்த ரகத்துல சேக்க?"

காலேஜுக்கு என்று பழனிக்கு வந்தவன் கையுறை மாட்டக் கற்றுக்கொண்டான். மேனேஜர் அவனைத் தொழில்முறைச் சண்டைக்கு எடுத்தபோது அறுபத்தொரு கிலோ. அந்த எடைப் பிரிவை லைட்வெயிட் என்பார்கள். வயிறார உண்டு தூங்கி எழுந்தால் அவன் நிற்கிற எடை அதுதான். பூண்டு தட்டிப்போட்ட உருளைக்கிழங்கு வறுவல் ஒரு சட்டி காலியாகும். வெள்ளனே எழுந்து ஓடப் போவான். திரும்பி வரும்போது வாசலிலேயே "அக்கா, பசிக்குது" என்பான். அந்தச் சத்தத்தைக் கேட்க இன்றைக்கு எதையும் கொடுப்பேன்.

சண்டையில் அவன் கால் தரையில் பாவாது. எதிராளி காற்றைக் குத்திக் களைத்துப்போவான். இவன் சிரித்துக்கொண்டே விலகுவான். நான் முன்வரிசையில் உட்கார்ந்து "கைய மேல தூக்குடா!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். எனக்குத் தெரிந்த நுணுக்கம் அவ்வளவுதான். "அக்கா, நீ கத்துனா எதிராளிதான் கையத் தூக்குறான்" என்பான். அந்த எடையில் அவன் ஒரு சண்டைகூடத் தோற்கவில்லை.

பிறகு ஐம்பத்தேழு கிலோ சாம்பியன் பெல்ட்டுக்கு மோத வேண்டிய ஒருவர் அடிபட்டு விலகினார். அந்த இடத்தை நிரப்ப ஆள் வேண்டும். மேனேஜர் வீட்டுக்கு வந்தார்.

"நாலு கிலோதானம்மா. தண்ணியா எறங்கிரும்."

"அவன் ஒடம்புல எறக்க என்னங்க கெடக்கு?"

"நீங்க அடுப்ப மட்டும் பாருங்க."

பார்த்தேன். உப்பில்லாத கஞ்சி, அப்புறம் அரைக் கஞ்சி, அப்புறம் அதுவும் இல்லை. கூக்கால் குளிரில் வியர்க்காது என்று மேனேஜர் அவனை ஊருக்கே விடவில்லை. சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேலே ஸ்வெட்டர் போட்டு, கோயில் படிகளில் ஏறி இறங்கவிட்டார். ஏதோ கடும் வேண்டுதல் என்று பக்தர்கள் வழிவிட்டார்கள். சிலர் கும்பிட்டார்கள்.

எடை போடும் நாள் காலையில் ஒரு குடும்பம் அவனை நிறுத்தி உள்ளங்கையில் பஞ்சாமிர்தம் வைத்தது. "வேணாங்க" என்றிருக்கிறான். "சாமி பிரசாதம் தம்பி, வேணாம்னு சொல்லாதீங்க." இந்த மலையைச் சுற்றிப் பிறந்தவன் எவன் அதைக் கீழே போடுவான்? வீட்டுக்கு வந்து கொலை செய்தவன் போல நின்றான்.

"அக்கா, தின்னுட்டேன்."

நான் சிரித்துவிட்டேன்.

மத்தியானம் மதுரையில் எடை கொஞ்சம் கூடக் காட்டியது. பேட்டியில் சொன்னதில் இதுவரை உண்மை. மிச்சத்தை அவர் சொல்லவில்லை. இன்னொரு முறை எடை போட நேரம் கொடுத்தார்கள். காரை வெயிலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரையும் போட்டு, என் தம்பியை உள்ளே உட்காரவைத்தார். கண்ணாடி வழியாக அவன் உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறான். நான் பாட்டிலோடு ஓடினேன். மேனேஜர் அதைப் பிடுங்கிக்கொண்டார். மறுபடி எடை போட்டார்கள். சரியாக ஐம்பத்தேழு இருந்தான். பஞ்சாமிர்தத்தால் எதுவும் முடிந்துபோகவில்லை.

மறுநாள் சண்டையில் கால் எழும்பவில்லை. பெரிய அடி எதுவும் விழாமலே சாய்ந்தான். தண்ணீர் இல்லாமல் சிறுநீரகம் வாடிவிட்டது என்றார் டாக்டர்.

அதோடு விட்டாரா? "எறக்குனா தாங்கல, ஏத்திப் பாப்போம்" என்று அதே வருஷம் அறுபத்தாறுக்கு ஏற்றினார். முட்டை, கறி, நெய்ச்சோறு என்று நானும் திணித்தேன். அவன் ஒவ்வொரு கவளமும் முகம் சுளித்து விழுங்கினான். அவனைவிட ஒரு தலை உயரமானவர்கள் அடித்தார்கள். இடது கண் மங்கியது. அப்புறம் மேனேஜர் போனை எடுக்கவில்லை.

இப்போது கூக்காலில் பூண்டு போடுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அவன் மகன் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்த கதையைத் தம்பி பெண்டாட்டி சொன்னாள். பேட்டியைப் பார்த்த பிள்ளைகள் அவனைப் பஞ்சாமிர்தம் என்று கூப்பிடுகிறார்களாம். "அப்பா, நீங்க தின்னுதான் தோத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறான். தம்பி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டானாம். என்னிடமும் "விடுக்கா, சோலி கெடக்கு" என்றான்.

நான் விடமாட்டேன். அடிவாரத்தில் நாங்கள் இருந்த வீடு இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. சிரித்துக்கொண்டே விலகுகிற அந்த உடம்பு போய்விட்டது. அப்போது யாரும் செல்போனில் படம் எடுக்கவில்லை. அவன் ஜெயித்த ஒரு சண்டையைக்கூட மகனுக்குக் காட்ட முடியாது. அவன் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைப்பது மேனேஜரின் பேச்சும் இன்னொருவரின் சிரிப்பும்தான்.

மேனேஜர் சார், உங்களைத்தான் கேட்கிறேன். எனக்குப் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம். என் தம்பி மகன் பார்க்கும்படி, ஊரே பார்க்கும்படி கேமரா முன்னால் உட்கார்ந்து சொல்லுங்கள். அறுபத்தொன்றில் ஜெயித்துக்கொண்டிருந்தவனை ஐம்பத்தேழுக்கு இறக்கியது யார்? அறுபத்தாறுக்கு ஏற்றியது யார்?