வீடியோவில் நான் வெட்டி எடுத்த காட்சி

சுரங்கத்துக்குக் காலை ஷிப்டு போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு ஆபரேட்டர் அண்ணன் தன் போனில் என் வீடியோவையே எனக்குக் காட்டினார். போன மாதம் பறவைகள் சரணாலயத்தில் நான் ட்ரோனில் எடுத்தது. நாரைகள் மொத்தமாக எழும்பும் காட்சி.

"செமயா எடுத்துகீற தம்பி. ஞாயித்துக்கிழம குடும்பத்தோட போறோம். ஊட்ல பொண்ணு நாரை பாக்கணும்னு அடம் புடிச்சிகினு இருக்கா."

"போவாதீங்கண்ணே."

"ஏன்?"

சொன்னேன். சுரங்கத்தில் மண்மேடுகளை அளக்க ட்ரோன் விடுவதுதான் என் வேலை. அங்கே வைக்கிற உயரத்தையே சரணாலயத்திலும் வைத்தேன். மண்மேட்டுக்குப் பயம் கிடையாது. நாரைகள் பயந்துபோய்க் கூட்டை விட்டு எழும்பின. அவை திரும்புவதற்குள் காக்கைகள் இறங்கி முட்டைகளைக் கொத்திவிட்டன. அந்தக் காட்சியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் வீடியோவைப் போட்டேன்.

அண்ணன் வீடியோவை நிறுத்தினார். பிறகு, "நாங்க என்னா ட்ரோனா வுடப் போறோம்? ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடுவோம்," என்றார்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. வீடியோ பாத்துட்டு வர்ற கூட்டத்துல ஏரிக்கரையில நிக்க எடமில்லண்ணே."

"நீ மட்டும் பாத்துட்டு வந்துட்டு, எங்கள போவாதன்றியா?"

பஸ்ஸிலேயே போனை எடுத்தேன்.

வீடியோவை அழித்துவிட்டேன். நீங்கள் பகிர்ந்ததையெல்லாம் என்னால் அழிக்க முடியாது.

குஞ்சுகள் பறக்கும்வரை அங்கே சுற்றுலாவே கூடாது என்கிறேன். முதலில் என்னையே உள்ளே விட்டிருக்கக் கூடாது. திட்டுகிறவர்கள் கீழே கமெண்டில் திட்டலாம். "லொகேஷன் அனுப்பு ப்ரோ" என்று மட்டும் யாரும் வராதீர்கள்.