கேட்காமல் கீறிய படம்

சில வருடங்களுக்கு முன்னர், ஒரு செப்டெம்பர் மாதம், மொன்றியலில் ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட இருக்கும் இத்தாலிக்காரர் பகுதியில் தொடங்கியது இது. சம்பந்தப்பட்டவர்களை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். எந்த மாடி, என்ன நிறம் என்பவற்றை அப்படியே நம்ப வேண்டாம். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

எனக்குத் தொழில் பெயின்ற் அடிப்பது. வீடுகளின் உட்சுவர், மேல்தட்டு, கதவு நிலை என்று இருபது வருடத்துக்கு மேலாக அதுதான் சோறு போடுகிறது. படமும் கீறுவேன். யாரிடமும் படித்ததில்லை. வேலைத்தளத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். நான் ஒரு கொப்பியை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறதோ அதைக் கீறுவேன். பிடித்துப்போனால் சனி ஞாயிறில் வீட்டில் வைத்துக் கன்வஸில் பெரிதாக்குவேன்.

அந்த வருடம் ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தில் ஆறு கிழமை வேலை கிடைத்தது. தினமும் அங்கே போய்வருவது ஒரு சின்ன இத்தாலிய ஊரில் சீவிப்பது போலத்தான் இருந்தது. காலை ஏழு மணிக்கே வயதான ஆண்கள் கோப்பிக் கடை வாசலில் நின்று சத்தமாகக் கதைப்பார்கள். சந்தையிலிருந்து பெட்டி பெட்டியாகத் தக்காளி வரும். குடும்பமாகச் சேர்ந்து கராஜுக்குள் பெரிய அண்டாவில் அதைக் காய்ச்சிப் போத்தலில் அடைப்பார்கள். வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கை முழுக்க அந்த மணம்தான். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மணல்தாளால் சுவரை உரஞ்சுவேன்.

பின்பக்க ஜன்னலால் பார்த்தால் ஒழுங்கை தெரியும். வளைந்து ஏறும் இரும்புப் படிகள், கம்பியில் படர்ந்து குலை குலையாகப் பழம் தொங்கும் முந்திரிகைக் கொடி, வீட்டுக்கு வீடு கப்பியில் ஓடும் உடுப்புக் கொடிகள். எதிர்ப்பக்கத்து மாடியில் ஒரு பெண் மத்தியானத்தில் வந்து உடுப்புக் காயப்போடுவார். போட்டு முடித்ததும் உடனே உள்ளே போகமாட்டார், கொஞ்ச நேரம் நிற்பார். அவர் நின்ற விதத்தில் ஏதோ ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அது என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. ஏனென்று போகப் போகத் தெரியும்.

அந்தக் காட்சியைக் கன்வஸில் தீட்டினேன். ஒழுங்கை, படிகள், கொடியில் வெள்ளை விரிப்புகள், நடுவில் செம்மஞ்சள் சட்டையுடன் அந்தப் பெண். முகத்துக்கு இரண்டே இரண்டு பிரஷ் கோடுதான். அதுவரை நான் கீறியவற்றில் அதுதான் திறம் என்று எனக்கே தெரிந்தது.

அந்தத் தெருமுனைக் கோப்பிக் கடைக்கு முன்னரே நான் பெயின்ற் அடித்துக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் இத்தாலியில் பிறந்து, சின்ன வயதில் இங்கே வந்தவர். அறுபத்தைந்து வயதிருக்கும். அதிகம் கதைக்கமாட்டார். என் படங்களைப் போனில் பார்த்துவிட்டு, "சுவர் சும்மாதானே கிடக்கிறது, கொண்டுவந்து மாட்டு" என்று பிரெஞ்சில் சொன்னார். ஐந்து படங்கள் மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்ன அட்டை. அந்தப் படத்துக்குக் கீழே தெருவின் பெயரையும் எழுதினேன். மூலையில் என் பெயரைத் தமிழில் போட்டேன்.

தமிழ் எழுத்தைக் கண்ட யாரோ ஒருவர் கீழிருந்த அட்டையும் தெரியப் படம் பிடித்து, கடையின் பெயரையும் எழுதி அனுப்ப, எங்கள் ஆட்களின் செய்திகளைப் போடும் ஒரு முகநூல் பக்கத்தில் அது வந்தது. "மொன்றியலில் எங்கட ஓவியர்" என்று தலைப்பு. பிறகு வட்ஸ்அப்பில் சுற்றியது. ரொறன்ரோவிலிருந்து சொந்தக்காரர் போன் எடுத்தார்கள். லண்டனிலிருந்து பள்ளிக்கூடச் சிநேகிதன் எடுத்தான். ஒரு கிழமை நான் தரையில் நடக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடைக்காரர் போன் எடுத்தார். ஒரு பெண் அரை மணித்தியாலமாக அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கிறார், உன்னைப் பார்க்க வேண்டுமாம் என்றார். படம் வாங்க ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன். நல்ல சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன்.

முப்பத்தைந்து வயதளவில் ஒரு பெண், கோட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களோ அண்ணை உந்தப் படம் கீறினது?"

தமிழ்! "ஓம், நான்தான்" என்றேன்.

"உதில நிக்கிறது நான்."

எதிர் மாடியில் இருந்தவர் தமிழ்ப் பெண் என்று அந்த ஆறு கிழமையும் எனக்குத் தெரியாது. எனக்கு ஒரே சந்தோஷம். "அப்பிடியோ! வடிவா வந்திருக்கோ?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசும்.

"கழட்டுங்கோ. இப்பவே கழட்டுங்கோ" என்றார். குரலை உயர்த்தவில்லை.

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "முகமே கீறேல்லையே தங்கச்சி. ஆருக்கு விளங்கப்போகுது?" என்றேன்.

"பாரிஸில இருக்கிற என்ர அக்கா நேற்று போன் எடுத்தவ. 'நீ மொன்றியலிலயோ இருக்கிறாய்' எண்டு கேக்கிறா. நான் அவவுக்கே இடம் சொல்லேல்லை. நிக்கிற விதத்தை வச்சுக் கண்டுபிடிச்சிட்டா. அக்காவுக்கே தெரிஞ்சா, பதினொரு வருசம் என்னோட இருந்த மனுசனுக்குத் தெரியாமப் போகுமோ?"

அந்த மனிதர் ரொறன்ரோவில் இருக்கிறார். இவர் மகளைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை வருடத்துக்கு முன்னர் இரண்டு பையுடன் பஸ்ஸில் வந்தவர். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கோட்டின் கையை ஒருமுறை இழுத்துவிட்டபோது மணிக்கட்டுக்கு மேலே ஒரு பழைய தழும்பு தெரிந்தது.

"பொலிஸில சொல்லேல்லையோ?" என்றேன்.

"சொன்னது. கிட்ட வரக்கூடாதெண்டு கடதாசியும் இருக்கு. கடதாசி வந்து வாசல்ல நிக்காது அண்ணை."

படத்தைக் கழற்றினேன். அட்டையையும் எடுத்தேன். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு திருத்தம் இருக்கிறது" என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

"இதை என்ன செய்ய?" என்று வெளியே வந்து கேட்டேன். தன் கண்ணுக்கு முன்னால் அது இல்லாமல் போக வேண்டும் என்றார். என் வான் பக்கத்தில்தான் நின்றது. சுவருக்கு முதலில் அடிக்கும் வெள்ளைப் பூச்சு ஒரு வாளி உள்ளே இருந்தது. வானின் பின்கதவைத் திறந்து, படத்தைப் படுக்க வைத்து, ரோலரால் பூசினேன். முதல் பூச்சில் செம்மஞ்சள் இலேசாகத் தெரிந்தது. கொஞ்சம் காயவிட்டு மறுபடியும் பூசினேன்.

"நல்ல படம்தான் அண்ணை" என்றார் அவர். "ஆனா நான் அதில இருக்கேலாது."

கன்வஸ் போய்விட்டது, ஆனால் போட்டோ சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் அந்த முகநூல் பக்கம் நடத்துபவருக்குப் போன் எடுத்தேன். நல்ல மனிதர்தான். ஆனால் படத்தைப் பக்கத்திலிருந்து நீக்க மாட்டேன் என்றார்.

"ஏன் எடுக்கோணும்? எவ்வளவு சனம் பாராட்டி எழுதியிருக்கு. இப்பிடி எங்கட ஆக்களே பின்னுக்கு நிண்டா எப்பிடி?"

உண்மையான காரணத்தை அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் அது இன்னொரு செய்தியாகிவிடும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அது என்ர சொந்தப் படமில்லை. வேற ஒருத்தர் எடுத்த போட்டோவைப் பார்த்துக் கொப்பி அடிச்சனான். அந்த ஆள் வழக்குப் போடப்போறன் எண்டு நிக்கிறார்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டார். ஆனால் "அந்த ஓவியம் சொந்தப் படைப்பல்ல என்று தெரிய வந்ததால் நீக்கியுள்ளோம்" என்று இரண்டு வரியும் போட்டுவிட்டார். படத்தைவிட வேகமாகச் சுற்றியது அந்த இரண்டு வரிதான். பாராட்டிப் போன் எடுத்தவர்கள் ஒருவரும் திரும்ப எடுக்கவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவ. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தினை நாள் அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கீறினனீங்கள்?" என்றா.

"ஆறு கிழமை."

"ஆறு கிழமையில ஒருநாளும் கையைக் காட்டிக் கேக்கத் தோன்றேல்லையோ?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. சுவரைப் பார்ப்பது போலவும் கொடியைப் பார்ப்பது போலவும்தான் அவரையும் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அவருக்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு பயம் இருக்கும் என்ற எண்ணமும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மனைவிதான் பார்த்துச் செய்தா. அந்தப் பெண்ணைப் போய்ச் சந்தித்து, தனக்குத் தெரிந்த ஒரு சமூக சேவையாளரோடு கதைத்து, நகரத்தின் வேறொரு மூலையில் வீடு ஒன்று எடுத்துக் கொடுத்தா. மாத முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வானில் பெயின்ற் வாளிகளை இறக்கிவிட்டு அவர்களின் சாமான்களை ஏற்றினோம். ஒரு மெத்தை, ஒரு சோற்றுக் குக்கர், நாலைந்து பெட்டிகள், மகளின் பள்ளிக்கூடப் பை. மகளுக்கு எட்டு வயதிருக்கும். ஏன் திரும்பவும் வீடு மாறுகிறோம் என்று தாயிடம் பிரெஞ்சில் கேட்டாள். "சந்தையில சனம் கூடிப்போச்சு" என்று தாய் தமிழில் சொன்னார்.

சாமான்களை இறக்கி முடித்ததும் அந்தப் பெண் தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடித்து முடிந்ததும் வாசலில் வைத்துச் சொன்னார்.

"இனி வரவேண்டாம் அண்ணை. கோபமில்லை. உங்களைத் தெரிஞ்ச ஆக்களுக்கு என்னையும் தெரிய வரும். அதுதான்."

மனைவியிடம் மட்டும் ஒரு போன் நம்பரைக் கொடுத்தார். மிக அவசரமென்றால் மட்டும்.

இரண்டு கிழமை கழிந்திருக்கும். அந்தப் பகுதியில் வேறு வேலை. காலையில் கோப்பிக் கடைக்குள் போனேன். கடைக்காரர் கோப்பியை வைத்துவிட்டு, மேசையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"போன செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் வந்தான். உங்கள் ஆள்தான். நல்ல உடுப்பு, மரியாதையான ஆங்கிலம். போனில் உன் படத்தைக் காட்டி, இதை வாங்க வேண்டும், இந்த மாடி எங்கே இருக்கிறது என்று கேட்டான்."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"படம் வாங்க வந்தவன் ஏன் மாடி எங்கே என்று கேட்கிறான்?" என்றார் அவர். "அதனால், அது இத்தாலியில் என் தாயின் ஊர் என்று சொன்னேன். நான் கொடுத்த போட்டோவைப் பார்த்துப் பெயின்ரர் கீறினது, அங்கே நிற்பது என் சித்தி என்று சொன்னேன். கீழே தெருப் பெயர் இருக்கிறதே என்றான். அது பக்கத்துப் படத்தின் அட்டை, மாறி ஒட்டிவிட்டார்கள் என்றேன்."

"நம்பினாரா?"

"போட்டோவைப் பார்த்துக் கீறினதாகத்தான் தானும் கேள்விப்பட்டதாகச் சொன்னான். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான். நம்பினானோ இல்லையோ எனக்குத் தெரியாது."

நான் சொன்ன பொய்யைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் தானாகவே ஒரு பொய் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. மறைக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அன்றைக்கு அந்தப் பெண் அரை மணித்தியாலமும் கதவைப் பார்த்தபடிதான் நின்றாள்" என்றார். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

வந்தவர் அந்த மனிதர்தானா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அன்று பின்னேரம் மனைவி அந்த நம்பருக்கு எடுத்து விசயத்தைச் சொன்னா. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஓம் அக்கா, விளங்குது" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

ஒரு வருடம் கழிந்து, வேறொரு நம்பரிலிருந்து மனைவியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "சுகமா இருக்கிறம். மகள் நல்லாப் படிக்கிறாள்." பெயர் இல்லை. மனைவி பதில் போடவில்லை, நம்பரை அழித்துவிட்டா.

எங்கள் ஆட்கள் மத்தியில் எனக்கு இன்னும் "பார்த்துக் கொப்பி அடிக்கிறவர்" என்றுதான் பெயர். ஒரு கலைவிழாவில் படம் வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டபோது சிரித்து மழுப்பினார்கள். நான் அதைத் திருத்தப் போகவில்லை. முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

இன்னமும் மத்தியானத்தில் கொப்பியை எடுக்கிறேன். ஆட்கள் படத்துக்குள் வந்தால் இறங்கிப் போய்க் கேட்கிறேன். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். ஏன் என்று கேட்பதில்லை. எனக்கு அழகாகத் தெரியும் ஒரு மாடி, அங்கே நிற்பவருக்கு ஒளிந்திருக்கக் கிடைத்த ஒரே இடமாக இருக்கலாம் என்ற எண்ணம், ஒவ்வொரு முறையும் பிரஷை எடுக்க முன்னர் என் கையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறது.