கோவிந்தன் சொன்ன பதில்

தவளக்குப்பம் சாலையில் எங்கோ வெல்லம் காய்ச்சுகிறார்கள். அந்த வாசனை வந்தாலே எனக்கு எரிச்சல்தான். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாகூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வெல்லக் கொட்டகை இருந்தது, இன்று இரண்டுமே இல்லை. அந்தப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பிரெஞ்சு வாத்தியார் சொல்வதை அப்படியே கூட்டமாகத் திருப்பிச் சொல்வதுதான் அங்கே படிப்பு. முசியே என்று அழைப்போம் அவரை. பெரிய வகுப்பில் ஒரு பழைய நாவலை அறிமுகப்படுத்தினார்: குற்றமற்ற ஒருவனை ஊரே திருடன் என்கிறது, ஒரே ஒருத்தன் மட்டும் இல்லை என்கிறான்.

"நீங்க அந்த ஊர்ல இருந்தா யாரு பக்கம் நிப்பீங்க?"

"இல்லன்னவன் பக்கம், முசியே" என்றோம் கூரை அதிர. என் பக்கத்தில் இருந்த கோவிந்தன் மட்டும் எங்களோடு சேர்ந்து சொல்லவில்லை.

"இன்னாடா, நீ?"

"தெரியல முசியே. எங்கப்பாரு எப்பவும் பண்ணையாரு பக்கம்தான் நிப்பாரு. நானும் அப்படித்தான் நிப்பேன்னு தோணுது."

முசியேவின் முகம் சிவந்துவிட்டது. "எல்லாரும் சொல்றாங்க இல்ல, நீயும் சொல்லு."

முட்டி போட வைத்தார். கொட்டகையில் பாகு இறக்கும் நேரத்துக்குக் கோவிந்தனும் "இல்லன்னவன் பக்கம்" என்று சொல்லிவிட்டான். முசியே புத்தகத்தை மூடி வைத்தார், பிறகு அதைத் திறக்கவே இல்லை. நாவல் எங்களுக்குப் புரிந்துவிட்டதாம்.