ஹெட்போன் மாட்டிக்கொண்ட காலைகள்

உடம்பெல்லாம் வலி, எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. டாக்டர் அதற்கு ஃபைப்ரோமையால்ஜியா என்று பெயர் சொல்லி மூன்று வருடமாகிறது. வேலையை விட்டுவிட்டு தொம்மலூர் வீட்டில்தான் இருக்கிறேன். பார்ப்பவர்களுக்கு நான் நன்றாகத்தான் தெரிவேன். அதுதான் எனக்குச் சங்கடம்.

வீட்டு வேலைக்கு வரும் கற்பகம் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. அவர் குனிந்து தரை துடைக்கும்போது, முப்பத்தாறு வயதில் நான் படுத்துக் கிடப்பதா? அதனால் அவர் வரும் நேரத்துக்கு எழுந்து, லேப்டாப்பைத் திறந்துவைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மீட்டிங்கில் இருப்பதுபோல் உட்கார்ந்துவிடுவேன். அக்காவும் ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடாமல் கழுவிவைத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு மதியம்வரை என்னால் எழுந்திருக்கவே முடியாது.

ஒருநாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது என் மேல் போர்வை இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“தெரியும்மா,” என்றார் அக்கா. “டெய்லி நான்தானே டேபிள் துடைக்கிறேன். லேப்டாப்புல வெளிச்சமே இருக்காது.”

“அப்புறம் ஏன்க்கா சத்தமில்லாம கழுவுனீங்க?”

“உனக்கு முடியலன்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே. போய்ப் படுத்துக்கோம்மா.”

இப்போது ஒரு சாவி அக்காவிடமே இருக்கிறது. அவர் வரும்போது நான் எழுந்திருப்பதில்லை. நடிப்பதற்குச் செலவான தெம்பு மிச்சமாகிறது. அவர் கிளம்பும் முன் மெதுவாக எழுந்துபோய், அந்த மிச்சத் தெம்பில் இரண்டு பேருக்கும் காபி போடுகிறேன்.