எங்கள் கழனி ஓரமாகப் போன டிராக்டர்

எங்கள் ஊருக்கு முதல் டிராக்டர் வந்தபோது மாலை போட்டு வரவேற்றார்கள். அடுத்த மழைக்கே வண்டிப்பாதை நாசமாகிவிட்டது. பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் கழனிகளுக்கு நடுவே, ரோட்டிலிருந்து வாய்க்கால் வரைக்கும் போகும் மண்பாதை அது. நடுவில் மேடாக, மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் வடிகிற மாதிரி இருந்தது. மாட்டுவண்டிகள் அதைக் கெடுத்ததில்லை. ரப்பர் டயரோடு போனால் டிராக்டரும் கெடுத்திருக்காது. ஆனால் டிராக்டர்காரர், நடவுக்குச் சேற்றைக் கலக்கிச் சேடை ஓட்ட மாட்டுகிற இரும்புக் கேஜ் வீலைக் கழற்றாமல் அப்படியே அடுத்த கழனிக்கு ஓட்டிக்கொண்டு போவார். கழற்றி மாட்டச் சோம்பல். வைக்கோல் வண்டி ஒன்று சேற்றில் அச்சு முறிந்து கிடந்த பிறகுதான் ஊர் கூடியது.

கூடியவர்கள் எல்லோரும் ஆண்கள். பாதைக்குச் செம்மண் கொட்டுவது, அதன் பக்கத்திலேயே டிராக்டருக்குத் தனி வழி விடுவது என்று முடிவு செய்தார்கள். நல்ல யோசனைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாருடைய நிலத்தில்? பாதையின் ஒரு பக்கம் டிராக்டர்காரருக்கும் அவருடைய பங்காளிகளுக்கும் கழனி. மறுபக்கம் எங்கள் துண்டு, நீளமாக ஒரே கீற்று. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவும் நானும் அதை வைத்துத்தான் சாப்பிட்டோம். வழி எங்கள் பக்கம் வந்தது.

அதைச் சொல்ல டிராக்டர்காரரே வந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், அம்மாவுக்கு மாமா முறை.

"ஓரமா கொஞ்சம்தாம்மா. பொம்பளைங்க ரெண்டு பேருக்கு இன்னாத்துக்கு அவ்ளோ கழனி?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு பேருக்கும் வயிறு இல்லையா? அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்காக அம்மா மேலும் கோபம் வந்தது.

அந்தச் சம்பா நடவின்போது வரப்பை உடைத்துக்கொண்டு கேஜ் வீலோடேயே டிராக்டர் எங்கள் ஓரமாகப் போகவும் வரவுமாக இருந்தது. அம்மா ஒரு நாள் குனிந்து அந்தச் சேற்றை அள்ளிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் சேடை ஓட்டி வெச்சிருக்காரு," என்றாள்.

மறுநாள் காலையில் மீந்திருந்த நாற்றைக் கொண்டுவந்தோம். கையாலேயே சேற்றைச் சமன் செய்து, ரோட்டு முனையிலிருந்து நட ஆரம்பித்தோம். பாதி தூரம் நட்டிருந்தபோது டிராக்டர் வந்து நின்றது.

"இன்னாம்மா இது? வழியில நட்டு வெச்சிருக்க?"

அம்மா நிமிரவில்லை. "நட்டாச்சு மாமா. ஏத்தணும்னா ஏத்திக்கினு போங்க."

பக்கத்துக் கழனியில் நடவு நட்டவர்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நட்ட நாற்றின்மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு எங்கள் ஊரில் யாரும் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எஞ்சின் கொஞ்ச நேரம் உறுமியது, பிறகு அடங்கியது. அவர் இறங்கினார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு ரோட்டோரமாக உட்கார்ந்து கேஜ் வீலைக் கழற்றினார். ரப்பர் டயரோடு வண்டிப்பாதையிலேயே ஓட்டிக்கொண்டு போனார். செம்மண்ணில் டயர்த் தடம் மட்டும் விழுந்தது, ஒரு பள்ளம்கூட இல்லை.

நாங்கள் இன்னும் இரண்டு முடி நாற்று நடுவதற்குள் கழற்றுகிற வேலை முடிந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை! அதைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் ஒரு ஊரே கூடி எங்கள் சோற்றில் கைவைத்தது.

சாயங்காலம் டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம்: "பெரிய மனுஷன்பா, பாவம் பொம்பளைங்கன்னு விட்டுக்குடுத்துட்டாரு."