கரி லாரியில் ஏறிய போலீஸ்காரர்

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் ரேஷன் எங்களை விட்டபாடில்லை. நான் ஓட்டியது கரி லாரி. டிரைவர் சீட்டுக்கு இடது புறம், வெளியே, ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய் நிற்கும். அதில் அடுப்புக்கரி எரிந்து வரும் கேஸில்தான் இன்ஜின் ஓடும். அணைத்துவிட்டால் மறுபடி கிளப்புவதற்குள் கரியை மூட்டும் விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் எங்கே நின்றாலும் இன்ஜினை நிறுத்த மாட்டோம். துறைமுகத்தில் மரம் ஏற்றித் திருவொற்றியூர் தீப்பெட்டித் தொழிற்சாலையில் இறக்குவது என் பிழைப்பு.

அந்தப் பீப்பாயின் குழாய் ஓரிடத்தில் ஒழுகியது. கேஸுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தலை வலிக்கும், கண் சிவக்கும், கால் பின்னும். ராயபுரத்தில் இருந்த முதலாளியிடம் வாய் வலிக்கச் சொல்லியாயிற்று. ரிப்பேருக்கு விட்டால் வண்டி ஒரு நாள் சும்மா நிற்குமே என்பதுதான் அவருடைய கவலை. இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் சீட்டின் இரு புறமும் படுதாவை இறக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். கிளீனர் பின்னால் மரத்தின் மேல் தார்ப்பாய்க்குள் இருந்தார். காலடிப்பேட்டை தாண்டியதும் சாலை இரண்டாகத் தெரிந்தது. ஓரம் கட்டி இறங்கினேன். தள்ளாடிப் போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தால் எதிரே ஒரு போலீஸ்காரர்.

மதுவிலக்கு வந்த புதிது அது. சிவந்த கண்ணும் தள்ளாட்டமும் போதாதா?

"இன்னா நைனா, காலங்காத்தாலயே ஊத்திக்கினியா?"

"இல்லீங்க. கரி கேஸு. உள்ளார வந்து தலைய சுத்துது."

"அல்லாரும் இப்போ எதுனா ஒண்ணு சொல்லிக்கினுதான் கீறீங்க" என்றவர், என் லைசென்ஸை வாங்கித் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்வார், குடித்தவனுக்கு இனி லைசென்ஸே கிடையாது என்றார். ஹெவி லைசென்ஸ் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது போனால் மறுபடி துறைமுகத்தில் மூட்டை தூக்க வேண்டியதுதான். அதற்கான முதுகு என்னிடம் இல்லை.

லாரியை நடுவழியில் விட முடியாது, அவருக்கோ ஓட்டத் தெரியாது. மழைக்காற்றில் எனக்கும் கொஞ்சம் தெளிந்திருந்தது. என்னையே ஓட்டச் சொல்லி இடது பக்கம், பீப்பாயை ஒட்டி, ஏறி உட்கார்ந்தார். என் பக்கத்துப் படுதாவைச் சுருட்டிவிட்டுத் தலையை வெளியே நீட்டியபடி ஓட்டினேன். அவர் பக்கத்தையும் சுருட்டச் சொன்னேன். யூனிபார்ம் நனைய வேண்டுமா என்று முறைத்தார்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து வந்தது. அது போனபின் இன்னொன்று. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. படுதாவைத் தூக்கிவிடுங்கள் என்று மறுபடி சொன்னேன். "சும்மா கெட" என்றார். அவர் குரல் குழறியது.

ஸ்டேஷன் வாசலில் இறங்கியவர் இரண்டு எட்டு வைத்தார், முழங்கால் மடங்கிச் சேற்றில் உட்கார்ந்தார், அங்கேயே வாந்தி எடுத்தார். சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே கடையிலயாய்யா குடிச்சீங்க? ஊது."

"சார், குடிக்கல சார். கரி கேஸு சார். உள்ளார வந்து தலைய சுத்துது சார்" என்றார் போலீஸ்காரர். பிறகு என்னைக் காட்டி, "வேணும்னா இவரக் கேளுங்க சார்" என்றார். அதுவரை 'நைனா, நீ'யாக இருந்தவன் 'இவர்' ஆகிவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆமாம் ஐயா, அவர் குடிக்கவில்லை என்று நான் சாட்சி சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் போலீஸ்காரரின் சட்டைப் பையிலிருந்து என் லைசென்ஸை எடுத்து என்னிடம் நீட்டினார். குழாயைச் சரி செய்யும்படி முதலாளியிடம் சொல் என்றார். போலீஸ்காரரைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அனுப்பி, நாளைக்கும் வரவேண்டாம், படுத்துக்கொள் என்றார்.

மரத்தை இறக்கிவிட்டு ராயபுரம் திரும்பி, நடந்ததை ஒன்று விடாமல் முதலாளியிடம் சொன்னேன். லைசென்ஸ் கிடைத்துவிட்டதல்லவா என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். அப்படியானால் இருட்டுவதற்குள் இன்னொரு லோடு அடித்துவிடு என்றார்.

பீப்பாயில் கரியைக் கொட்டிக்கொண்டு கிளம்பினேன்.